கோராசோன் மலையில் விட்டுவந்தவன்

விடிய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. மச்சாச்சி ஊரைத் தாண்டி, கோராசோன் மலைக்கு ஏறும் கல்சாலை. இரண்டு பக்கமும் யூகலிப்டஸ் மரங்கள்... நடுவில் ஒரே ஒரு ஜீப். எதிரே பால் வண்டி ஒன்று கேன்கள் கடகடக்க இறங்கிப் போனது. அது போன பிறகு அந்தச் சாலையில் வேறு வெளிச்சம் இல்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது எனக்கு நடந்ததில்லை. நம் ஜீப் ஓட்டுகிற ஃபவுஸ்தோ இருக்கிறானே, அவன் மனைவியின் அக்கா எல்வியாவுக்கு நடந்தது. அன்றைக்கு வண்டி ஓட்டியதும் அவன்தான். இப்போது சமையலறையில் பாத்திரம் கழுவுகிறேன் என்று எழுந்து போயிருக்கிறான். எதைச் சொல்லப்போகிறேன் என்று தெரிந்துதான் போனான். அந்தக் கதவைச் சாத்துங்கள், மெழுகுவத்தி ஆடுகிறது. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

எல்வியா மலை வழிகாட்டி. நாற்பது வயது. அவள் கயிறு கட்டினால் கட்டியதுதான் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அந்த வாரம் அவள் வேலைக்கு வந்திருக்கவே கூடாது. அம்மாவைப் புதைத்து மண் கூட இறுகவில்லை. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபோதும் அவள் அழவில்லை. தங்கைக்காரி கேட்டதற்கு, பல் பிடுங்க ஊசி போட்டால் ஈறு எப்படி இருக்கும், அப்படித்தான் எனக்கு முழுக்க இருக்கிறது என்றாளாம். கிள்ளினால் கிள்ளியது தெரிகிறது, வலி தெரியவில்லை. வீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு நடந்தாலாவது ஆகும் என்று கிளம்பிவிட்டாள்.

பின் சீட்டில் இருந்தவள் நீவெஸ். கடலோரத்துக்காரி. குவாயாகில் சந்தையில் இறால் வியாபாரம். ஐம்பதைத் தொட்டவள், கனத்த உடம்பு, ஓயாத வாய். அவள் பிறந்த அன்று மேகம் விலகி, வீட்டு மாடியிலிருந்து சிம்போராசோ மலை உச்சியின் பனி தெரிந்ததாம். அப்பா அதைப் பார்த்து நீவெஸ், அதாவது பனி, என்றே பெயர் வைத்துவிட்டார். அந்தப் பனியை ஒரு தடவை மிதித்துவிட வேண்டும். அதுதான் அவள் ஆசை. அதற்கு முன்னால் உயரத்துக்கு உடம்பைப் பழக்க வேண்டுமே, அதற்காகத்தான் அன்றைய கோராசோன் நடை. காலையில் ஏறி, உச்சியில் கொஞ்சம் உட்கார்ந்து, மாலைக்குள் இறங்கிவிடுவது. பனியில்லை, கயிறு வேண்டாம். பழைய எரிமலைதான், ஆனால் நெருப்பு செத்து எத்தனையோ யுகம் ஆகிவிட்டது. கோராசோன் என்றால் இதயம். நின்றுபோன இதயம் என்று வழிகாட்டிகள் கேலி செய்வார்கள்.

ஃபவுஸ்தோ வழியெல்லாம் அவளைச் சீண்டிக்கொண்டே ஓட்டினான்.

"பேரு என்னமோ பனி. பார்த்தது ஐஸ் பெட்டியிலதான். கடற்கரைக் குரங்குக்கு மரமே இல்லாத இடத்துல ஏற வருமா?"

"மரம் ஏறினவளுக்கு மலை என்னடா பெருசு? ஆமா, உங்க மலைக்காரங்க வாயைத் திறந்தாலே உள்ள குளிர் போயிடும்னு மூடியே வெச்சிருப்பாங்களே. நீ என்ன இவ்வளவு பேசுற? உங்கம்மா கடற்கரைப் பக்கமா?"

ஃபவுஸ்தோ சிரித்துவிட்டான். எல்வியா சிரிக்கவில்லை. கண்ணாடியில் தெரிந்த சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாலை முடிகிற இடத்தில் ஒரு மரக்கதவு. அதற்கப்பால் மாட்டுப் பண்ணையின் மேய்ச்சல் நிலம், பிறகு புல்மலை. ஃபவுஸ்தோ அங்கேயே வண்டியில் படுத்துக்கொண்டான். பெண்கள் இருவரும் ஏறினார்கள்.

மஞ்சள் புல் இடுப்பு உயரம். காலை வைத்தால் ஈரப் பஞ்சு மாதிரி உள்ளே போகும். நீவெஸ் இரண்டு ஊன்றுகோல் வைத்திருந்தாள். கல் வந்த இடத்தில் டிக்... டிக்... என்று அவை தட்டும். மற்ற நேரம் அவள் மூச்சுதான். வாயிலிருந்து புகை புகையாக வந்தது. எல்வியா வாயிலிருந்தும்தான்.

மேட்டில் ஒரு தடவை நின்றார்கள். எல்வியா பையிலிருந்து ஆக்சிமீட்டரை, ரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று காட்டுகிற கருவியை, எடுத்து நீவெஸின் விரலில் மாட்டினாள். எழுபத்தொன்பது. தனக்கு மாட்டிக்கொண்டாள். எண்பத்தாறு. வயதில் மூத்த பெண்களைத் தோன்யா என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து மரியாதை.

"பயப்படாதீங்க தோன்யா, இந்த உயரத்துக்கு இது நல்ல எண்தான். உடம்புக்கு ஒரு தடவை மேல கொண்டுபோய்க் காட்டணும். அப்புறம் அது தானா கத்துக்கும். இறங்க இறங்க எண்ணும் ஏறும் பாருங்க."

"என் உடம்பு மக்கு உடம்பு. ரெண்டு தடவை சொல்லணும்" என்றாள் நீவெஸ்.

உச்சிக்குக் கீழே பாறை தொடங்குகிறது. அங்கே கை வைத்துத்தான் ஏற வேண்டும். அந்த நேரம் பார்த்து மேற்கிலிருந்து, உடைந்த எரிமலை வாய்ப் பக்கமிருந்து, மூடுபனி வந்தது. சத்தமில்லாமல் வந்து உட்கார்ந்துவிட்டது. முன்னால் போகிற ஆளின் முதுகு தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. எல்வியாவுக்கு அந்த வழி மனப்பாடம். உச்சியைத் தொட்டுவிட்டே திரும்பலாம் என்றாள்.

உச்சியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

பாறையில் சாய்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு. இருபது வயதுகூட இருக்காது. சிவப்புக் கம்பளிப் போர்வை, தலைக்கு ஒரு பழைய தொப்பி. அவர்களைப் பார்த்ததும் மெதுவாக எழுந்தான்.

எல்வியா விசாரித்தாள். பெயர் அமாதோர். கீழே அலோவாசி கிராமம். கன்றுக்குட்டி ஒன்று தொலைந்துபோனது, தேடி வந்தேன், பனி மூடிவிட்டது, வழி தெரியவில்லை என்றான். எப்போது வந்தாய் என்று கேட்டாள். அவன் கொஞ்சம் யோசித்தான். தெரியலக்கா என்றான்.

"குளிருதா?"

"இல்லக்கா. குளிரல."

அவன் காலைப் பார்த்தாள். கயிற்றுச் செருப்பு. இந்தப் பக்கத்து மாட்டுக்காரர்கள் எல்லோருக்கும் ரப்பர் பூட்ஸ்தான். கயிற்றுச் செருப்பை ஊர்வலத்தில் பழங்கால வேஷம் கட்டி ஆடுகிறவர்கள் காலில் பார்த்ததோடு சரி. ஏழைப் பையன் போலிருக்கிறது என்று நினைத்தாள். அவ்வளவுதான் நினைத்தாள். பட்டை போட்டுக் காய்ச்சிய வெல்லத் தண்ணீரை ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். ஆவி மேலே எழுந்து அவன் முகத்தில் பட்டது. அவன் குடிக்கவில்லை. வாசனை பிடிக்கிறவன் மாதிரி மூக்கருகே வைத்துக்கொண்டே இருந்தான். பிறகு, ஒரு வாசனையும் வரலையேக்கா என்றான்.

ஆக்சிமீட்டரை மாட்டினாள். எண் வரவில்லை. வெறும் இரண்டு கோடு. விரல் மிகவும் குளிர்ந்து கிடந்தால் அது அப்படித்தான் காட்டும், அவளுக்கும் எத்தனையோ தடவை காட்டியிருக்கிறது. கருவியைக் கழற்றிப் பையில் போட்டாள்.

இன்னொன்றையும் பார்த்தாள். பார்த்ததை அப்போது மனசில் வாங்கவில்லை. அவன் பேசும்போது வாயிலிருந்து புகை வரவில்லை.

மலையில் தனியாக நிற்கிற ஆளை விட்டுவிட்டு இறங்கக்கூடாது. எதிரியாக இருந்தாலும் கூட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும். அது எங்கள் வழிகாட்டித் தொழிலில் முதல் பாடம். எங்களோடு வா என்றாள் எல்வியா. அவன் தலையாட்டினான். நீவெஸ்தான் சந்தோஷப்பட்டாள். தள்ளிவிட ஒரு ஆள், தாங்கிப் பிடிக்க ஒரு ஆள், எனக்கு இன்னைக்கு ராஜ மரியாதை என்றாள்.

முன்னால் எல்வியா. நடுவில் நீவெஸ். பின்னால் அமாதோர்.

பாறையில் இறங்கும்போது நீவெஸின் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. டிக்... டிக்... அவள் பூட்ஸ் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் ஒன்றும் கேட்கவில்லை. எல்வியா இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். அவன் வந்துகொண்டுதான் இருந்தான், நீவெஸின் முதுகை ஒட்டி. நனைந்த கம்பளிக்கு ஒரு வாடை உண்டு, எட்டடி தூரத்துக்கு அடிக்கும். அவனிடம் அது கூட இல்லை.

பாறை முடிந்து புல் வந்தது. அப்போதுதான் எல்வியாவுக்குப் பின்னாலிருந்து புதிதாக ஒரு சத்தம் கேட்டது. சரக்... சரக்... ஈரப் புல்லில் கயிற்றுச் செருப்பு இழுபடுகிற சத்தம்.

இன்னொன்றும் உறைத்தது. நீவெஸ் பேசவில்லை. உச்சியிலிருந்து இறங்கியதில் இருந்து ஒரு வார்த்தை இல்லை.

நின்று திரும்பினாள். நீவெஸின் இடது கையில் கையுறை இல்லை. எங்கே என்று கேட்டாள். நீவெஸ் தன் கையைத் தூக்கிப் பார்த்தாள், யாருடைய கையையோ பார்ப்பதுபோல. விழுந்திருக்கும், தெரியல என்றாள். விரல்கள் மெழுகு நிறத்தில் இருந்தன.

"வலிக்குதா தோன்யா?"

"இல்ல. ஒண்ணுமே தெரியல. நல்லாத்தான் இருக்கு."

அவளுக்குப் பின்னால் நின்ற அமாதோர் கையைக் கையால் தேய்த்துக்கொண்டிருந்தான். அக்கா, இப்பக் குளிருது என்றான். முகத்தில் ஒரு சின்ன ஆச்சரியம்.

எல்வியா கருவியை எடுத்தாள். நீவெஸுக்கு அறுபத்து மூன்று. அவ்வளவு இறங்கிய பிறகு ஏறியிருக்க வேண்டிய எண். மேகத்துக்குள் நிற்கிறோம், விரல் விறைத்திருக்கிறது, தப்பாகக் காட்டுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எனக்கும் போட்டுப் பாருங்கக்கா என்று அமாதோர் விரலை நீட்டினான். மாட்டினாள். முதலில் கோடு. பிறகு எண் வந்தது. ஐம்பத்தெட்டு.

ஐம்பத்தெட்டு இருக்கிறவன் நிற்க மாட்டான், விழுந்துவிடுவான். அவன் நின்றுகொண்டு, கருவியில் மின்னுகிற சிவப்பு வெளிச்சத்தை வேடிக்கை பார்த்தான்.

தன் கையுறை ஒன்றைக் கழற்றி நீவெஸின் கையில் மாட்டிவிட்டாள் எல்வியா. அவள் பையைத் தான் வாங்கிக்கொண்டாள். வேகமாக இறங்கினார்கள். இறங்கினால் சரியாகிவிடும். மலையில் எல்லா நோய்க்கும் அது ஒன்றுதான் மருந்து.

சரக்... சரக்... என்பது இப்போது தட்... தட்... என்று கேட்டது. பின்னால் ஒருவன் மூச்சு வாங்குவது கேட்டது. ஈரக் கம்பளி வாடை வந்தது, அதோடு மாட்டு வாடை, விறகுப் புகை வாடை, வியர்வை. ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. ஊன்றுகோல் சத்தம் எப்போது நின்றது என்று எல்வியாவுக்குத் தெரியாது.

திரும்பினாள். நீவெஸ் ஊன்றுகோல்களைக் கையில் பிடித்தபடி, அவை தரையில் படாமல் நடந்து வந்துகொண்டிருந்தாள். கண் திறந்திருந்தது. எல்வியா நின்றதும் அவளும் நின்றாள்.

அமாதோர் வாயிலிருந்து புகை வந்தது. வெள்ளையாக, கனமாக. அவன் கன்னம் சிவந்திருந்தது. மூக்கு ஒழுகியது, போர்வையில் துடைத்துக்கொண்டான்.

நீவெஸ் வாயிலிருந்து புகை வரவில்லை.

எல்வியா அவள் வாய்க்கு முன்னால் வெறும் கையை வைத்தாள். வைத்துக்கொண்டே இருந்தாள்... ஒன்றும் படவில்லை. ஏன் நின்னுட்ட, போலாம் என்றாள் நீவெஸ். பேச்சு வந்தது. காற்று வரவில்லை.

கருவியை மாட்டினாள். இரண்டு கோடு. கேட்காமலே விரலை நீட்டினான் பையன். தொண்ணூற்றொன்று. எல்வியாவை விடவும் அதிகம்.

எல்வியா பிறகு தங்கையிடம் சொன்னது இது. அந்த இடத்தில் ஒரு மனுஷிக்கு உடம்பு நடுங்க வேண்டும், கத்த வேண்டும். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. அடுப்பில் பால் பொங்குகிறதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் செய்து பார்த்தாள். தோன்யாவின் கையுறை மேலே புல்லில் எங்கேயோ கிடக்கும், போய் எடுத்து வருகிறாயா என்று பையனைக் கேட்டாள். அவன் உடனே திரும்பி ஏறினான். பனி அவனை மூடியது. காலடிச் சத்தம் போய்... போய்... தேய்ந்தது.

நீவெஸ் இருமினாள். தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவள் மாதிரி ஒரு மூச்சு இழுத்தாள். புகை வந்தது, மெல்லியதாக. பல் தடதடவென்று அடித்தது. கண்ணில் தண்ணீர்.

"எல்வியா... கை எரியுதுடி. என்னடி இது, இப்படிக் குளிருது. என்னைக் கீழ கூட்டிட்டுப் போயிடு."

மேலே தட்... தட்... என்று இறங்கி வரும் சத்தம். நெருங்க நெருங்க நீவெஸின் புகை சன்னமாகியது. பனியிலிருந்து சிவப்புப் போர்வை வெளியே வந்தது. புகை நின்றது. நீவெஸ் பேச்சை நிறுத்திவிட்டு அமைதியாக நின்றாள்.

அமாதோர் கையுறையை நீட்டினான். மூச்சிரைத்தது. சிரித்தான்.

"காலெல்லாம் வலிக்குதுக்கா. பசிக்குது. நல்லா இருக்கு."

அவனுக்கு ஒன்றும் தெரியாது. அதை எல்வியா சத்தியம் பண்ணிச் சொல்வாள். கெட்ட எண்ணம் எதுவும் அந்த முகத்தில் இல்லை. கூட்டிப்போக ஆள் வந்தது, கூட நடந்தான், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. இருவரையும் கூட்டிக்கொண்டு இறங்கினால் கீழே ஒருவர்தான் உயிரோடு போய்ச் சேருவார். அது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்தாள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்தாள். எல்லாவற்றையும் அவன் கையில் கொடுத்தாள். ஒரு பாறையைக் காட்டினாள். காற்று படாத பக்கம்.

"இங்கேயே உட்காரு. இவங்களுக்கு உடம்பு சரியில்ல. இவங்களைக் கீழ விட்டுட்டு உன்னைக் கூட்டிட்டுப் போக வரேன்."

அவன் அவள் முகத்தையே பார்த்தான்.

"நானும் மெதுவா பின்னாடியே வரேனேக்கா. தொந்தரவு பண்ண மாட்டேன்."

"வேண்டாம். பனியில வழி தப்பிடும். உட்காரு."

"வருவீங்கல்ல?"

"வருவேன்."

அவன் உட்கார்ந்தான். ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டான். மெல்லுகிற சத்தம் கேட்டது. எல்வியா நீவெஸின் இடுப்பில் கை போட்டுத் திருப்பி, இழுத்துக்கொண்டு நடந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் நீவெஸ் மூச்சு விட்டாள். அப்புறம் அழ ஆரம்பித்தாள். விறைத்த விரலில் ரத்தம் திரும்ப ஓடினால் எப்படி வலிக்கும் என்று உங்களில் சிலருக்குத் தெரியும். குழந்தை மாதிரி அழுதாள். எல்வியாவின் காதுக்கு அந்த அழுகை போதுமானதாக இருந்தது. ஆனாலும் அதையும் தாண்டி ஒன்று கேட்டது. மேலே, பனிக்குள்ளிருந்து.

அக்கா... என்று.

ரொம்ப நேரம் கழித்து இன்னொரு தடவை. அப்புறம் இல்லை.

அவள் திரும்பவில்லை. அந்தப் பையன் எங்கே என்று நீவெஸ் கேட்டாள். வேறு வழியாக இறங்கிவிட்டான் என்றாள்.

மரக்கதவுக்கு வந்து சேர்ந்தபோது ஃபவுஸ்தோ வண்டிக்கு வெளியே நின்று கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். வானம் மேலே தெளிந்துகொண்டு வந்தது. தெளிந்தால் இரவு உறைபனி கொட்டும். நீவெஸை ஏற்றிவிட்டு, அவன் மலையைப் பார்த்தான்.

"மதினி, மேல வேற யாராவது இருக்காங்களா? இன்னைக்கு ராத்திரி தாங்காது."

"இல்ல" என்றாள் எல்வியா.

மச்சாச்சியில் மருத்துவர் நீவெஸைப் பார்த்தார். ஒன்றும் இல்லை, களைப்பு, லேசான குளிர்க்கடி என்றார். மறுநாளே அவள் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள். சிம்போராசோ அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டாள். போகும்போது எல்வியாவைக் கட்டிப்பிடித்து, உசிரைக் காப்பாத்தினவடி நீ என்றாள். எல்வியா நின்றுகொண்டிருந்தாள்.

அதே காலை பால் வண்டிக்காரன் மரக்கதவண்டை ஒருவனைப் பார்த்தான். ஜீப் நின்ற இடத்தில், சக்கரத் தடத்தின் மேல், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். போர்வையில் உறைபனி. பக்கத்தில் ஒரு ஃபிளாஸ்க். காலியாக, மூடி திருகி, ஒழுங்காக வைத்திருந்தது. செருப்பு தேய்ந்து பாதம் கிழிந்திருந்தது. பனியில் வழி தப்பாமல் முழு மலையும் இறங்கி வந்திருக்கிறான்.

ஊர்க்காரர்களோடு பார்க்கப் போன ஃபவுஸ்தோ அந்த ஃபிளாஸ்க்கை அடையாளம் கண்டுகொண்டான். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தான், கழுவினான், எல்வியாவுக்கு முன்னால் மேஜையில் வைத்தான். அன்றிலிருந்து அவளிடம் அவன் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

உடலைச் சோதித்த மருத்துவர் சொன்னதை ஊரே பேசியது. நல்ல ஆரோக்கியமான பையன். ஒரு நோய் இல்லை, காயம் இல்லை. விடியும் வரைக்கும் உயிர் இருந்திருக்கிறது. யாராவது ஒருத்தர் கீழே கூட்டி வந்திருந்தால் பிழைத்திருப்பான்.

யார் பெற்ற பிள்ளை என்று மட்டும் தெரியவில்லை. காணாமல் போனதாக எங்கும் புகார் இல்லை. கடைசியில் அலோவாசியிலிருந்து செலிந்தா என்று ஒரு கிழவி வந்தாள். எண்பது வயதிருக்கும். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். இது என் அண்ணன் அமாதோர் என்றாள். எனக்குப் பால் பல் விழுந்து முடிகிற வயசில் கன்றுக்குட்டி தேடி மலைக்குப் போனவன் என்றாள். போலீஸ்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவிக்கு மூளை கலங்கிவிட்டது என்றார்கள். ஆனால் வேறு யாரும் கேட்டு வரவில்லை. கடைசியில் அவளிடமே கொடுத்துவிட்டார்கள்.

எல்வியா துக்கத்துக்குப் போனாள். போகாமல் இருக்க முடியவில்லை என்றாள். மண் தரை வீடு. நான்கு மெழுகுவத்தி. பெட்டிக்குள் கன்னம் சிவந்த ஒரு பையன், பக்கத்தில் அவன் தங்கை என்று சுருங்கிப்போன ஒரு கிழவி. வந்தவர்கள் போன பிறகு எல்வியா எல்லாவற்றையும் சொன்னாள். உச்சியில் பார்த்தது, கூட்டி வந்தது, பாறையில் உட்கார வைத்தது, வருவேன் என்று சொன்னது. ஒன்றையும் மறைக்கவில்லை. கிழவி திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தாள். அடித்தால் வலிக்குமா என்று கூட யோசித்தாளாம்.

கிழவி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வயிறாரச் சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான்."

"அது போதும். எங்கம்மா சாகுற வரைக்கும் ராத்திரி கதவைத் தாழ் போட்டதில்ல." கிழவி மெழுகுவத்தித் திரியைக் கிள்ளிவிட்டாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "சின்னவளை எங்க விட்ட?"

எல்வியாவுக்குப் புரியவில்லை.

"லுசிலா. எங்க கடைக்குட்டி. ஆறு வயசு. அவன் போனா அவளும் பின்னாடியே ஓடுவா. அன்னைக்கும் கூடத்தான் போனா. இவன் அவளைத் தனியா விட்டுட்டு இறங்கியிருக்க மாட்டானே. நீ அவளைப் பார்க்கலையா?"

பார்க்கவில்லை என்றாள் எல்வியா. உச்சியில் அவன் ஒருவன்தான் இருந்தான். இறங்கும்போது முன்னால் நான், நடுவில் நீவெஸ், பின்னால் அவன். வேறு யாரும் இல்லை.

கிழவி எழுந்து போய்க் கதவின் தாழை எடுத்துவிட்டாள்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு மதியம் எல்வியா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கைப்பேசி அடித்தது. நீவெஸ். பின்னால் மின்விசிறிச் சத்தம், தெருவில் இளநீர் விற்கிறவனின் சத்தம். பழைய நீவெஸ்தான், மூச்சு விடாமல் பேசினாள். இறால் விலை ஏறிவிட்டதாம். அனல் அடிக்கிறதாம், ராத்திரி போர்வையே வேண்டியதில்லையாம். பேச்சு நடுவே ஒரு சந்தேகம் கேட்கத்தான் கூப்பிட்டேன் என்றாள்.

"மறுபடி விரல் மரத்துப்போகுதுடி. நேத்து இறால் உரிக்கும்போது கத்தி பட்டிருக்கு, ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுது. இந்த வெயில்ல எப்படிடி மரக்கும்? அது கூடப் பரவாயில்ல. தெருப்பக்கத்து ஜன்னல் இருக்கே, தினமும் காலையில அதுல ஆவி படிஞ்சிருக்கு. வாயை வெச்சு ஊதினா படியுமே, அந்த மாதிரி ஒரு வட்டம். வெளிய இல்ல, உள்பக்கம். துடைச்சா மறுநாள் திரும்ப இருக்கு. எனக்குக் குனிஞ்சு குனிஞ்சு துடைச்சு இடுப்பு போச்சு, எல்வியா... அவ்வளவு கீழ இருக்கு."